மாணவர் நாடக, நடன சீசன்: ஆடி மாத மேடைக்கு நான்கு மாத வழிகாட்டி

ஆண்டுவிழா என்ற பெயரில் ஒரே மாலையில் அறுபது குழந்தைகளையும் மேடையேற்றும் நாடக, நடனப் பள்ளிகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். நானும் அப்படி நடத்தியிருக்கிறேன். மாலை ஐந்துக்குத் தொடங்கி இரவு பத்து வரை போகும். ஏழு வயதுக் குழந்தை மதியம் இரண்டு மணிக்கே மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்பது மணிக்கு நாலு நிமிடம் ஆடிவிட்டுப் பட்டு உடையோடு அப்பா தோளில் தூங்கிப்போகும். தன் பிள்ளை ஆடி முடித்ததும் பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். கடைசியில் நாடகம் போடும் பெரிய பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு நடிப்பார்கள்.

இதற்கு மாற்று உண்டு. ஒரே நாளில் திணிப்பதை விட்டுவிட்டு மூன்று வார இறுதிகள், ஐந்து மாலைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று ஒரு சீசனாகப் பிரித்துவிடுங்கள். இதற்கு ஆள் பலம் வேண்டாமா என்று கேட்பார்கள். ஆள் பலம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. நடனம் நடக்கும் மாலையில் நாடக மாணவர்கள் விளக்கு, ஒலி, திரை பார்க்கட்டும். நாடக மாலையில் நடன மாணவர்கள் உடை, பொருட்கள், வரவேற்பு பார்க்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாளாவது மேடையிலும் ஒரு நாளாவது மேடைக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். மற்ற ஏற்பாடு எல்லாவற்றையும் இந்த ஒரு விதியை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதைப் போன்ற, சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் கம்பெனி வேலைக்கு நடுவிலேயே கற்றார்கள். அதற்காக அவர்கள் வீட்டையும் படிப்பையும் விட வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். வேலைக்கு நடுவில் கற்பது மட்டும் போதும்.

முதலில் தேதி

சீசன் என்றதும் மனம் மார்கழிக்குப் போகும். 1927-ல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டில் இருந்து வளர்ந்தது அந்த சீசன். வெளியூர்ச் சிறு பள்ளிக்கு அது பொருந்தாது. அரையாண்டுத் தேர்வு குறுக்கே வரும், மழை விட்டிருக்காது, நல்ல மிருதங்கக்காரரும் ஜதி சொல்லி நடனத்தை நடத்தும் நட்டுவனாரும் சென்னையில் இருப்பார்கள்.

நான் சொல்வது ஆடி, அதாவது ஜூலை நடுவில் இருந்து ஆகஸ்ட் நடுவரை. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையைக் குறைத்துப் பேசலாம். அதற்கு முன்பே மே மாதம் முழுக்க ஒத்திகைக்குக் கிடைத்துவிடும். மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அப்போது பெருமழை இருக்காது. கோவை, நீலகிரி, தென்காசிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையைக் கணக்கில் எடுங்கள்.

ஆடியில் ஒரு பெரிய சிக்கலும் உண்டு. மண்டபத்தைச் சுற்றி எத்தனை அம்மன் கோயில் இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். கூழ் ஊற்றும் நாளும் முளைப்பாரி எடுக்கும் நாளும் எப்போது என்று பூசாரியிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தெரு முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். உங்கள் நடனப் பாட்டு எவர் காதிலும் விழாது. சாமி காரியம், அவர்களிடம் போய்க் குறைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தேதியை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆடி வெள்ளி, ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை மூன்றையும் தவிர்த்துவிட்டுச் சனி, ஞாயிறு மட்டும் எடுங்கள்.

மண்டபத்தைப் பங்குனியிலேயே பேசி முடியுங்கள். நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் எடுத்தால் போதாது. ஒவ்வொரு வார இறுதிக்கும் முந்தைய வெள்ளி மதியத்தில் இருந்து வேண்டும். அந்த அரை நாள் வாடகையை மிச்சப்படுத்தினால் சனிக்கிழமை மாலை அதன் விலை தெரியும்.

என்ன போடுவது

என் பட்டியல் பெரும்பாலும் இப்படி அமையும். முதல் வார இறுதியில் ஒரு மாலை மார்க்கம், ஒரு மாலை சிறு நாடகங்கள் இரண்டு. இரண்டாவது வாரம் ஒரு தெருக்கூத்துப் பகுதியும் ஒரு நடன மாலையும். மூன்றாவது வாரம் இரு பிரிவும் சேர்ந்து செய்யும் ஒரே பெரிய படைப்பு.

மார்க்கம் என்பது பரதநாட்டியத்தில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் நான்கு சகோதரர்கள் ஒழுங்கு செய்தது. அரங்கேற்றத்தில் ஒரே பெண் முழுவதையும் ஆடுவாள். மாணவர் மாலையில் அதையே படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கலாம். அலாரிப்பு சின்னவர்களுக்கு, ஜதிஸ்வரம் அடுத்த வகுப்புக்கு, வர்ணம் மூத்த மாணவியர் நான்கு பேருக்கு. வர்ணம் மட்டுமே அரை மணிக்கு மேல் போகும், அதைக் குறைத்து நறுக்கத் தயங்க வேண்டாம். அந்த வருடம் முதன்முதலாகச் சலங்கை கட்டும் பிள்ளைகளுக்குச் சலங்கை பூஜையையும் அன்று காலையிலேயே வைத்துவிடுங்கள். தனியாக ஒரு விழா எடுத்தால் அந்தச் செலவு பெற்றோர் தலையில்தான் விழும்.

சேர்ந்து செய்யும் படைப்புக்கு, குறத்தி குறி சொல்லும் பாட்டு நாடகமான ஒரு குறவஞ்சியைத்தான் எப்போதும் சிபாரிசு செய்வேன். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சியில் எட்டுப் பெண்கள் ஆடலாம். கட்டியங்காரன், சிங்கன், சிங்கி மூவரும் நாடக மாணவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. குறத்தி மலைவளம் சொல்லும் இடத்தில் ஆட்டமும் பேச்சும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ராவும் 1944-ல் தன் முதல் நாட்டிய நாடகத்துக்கு இதைத்தான் எடுத்தது. 18-ஆம் நூற்றாண்டுப் பாட்டு என்பதால் உரிமைப் பிரச்சினையும் கிடையாது.

அந்த உரிமையைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் ஓர் எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகள் அவர் படைப்புக்கு உரிமை உண்டு. பாரதியின் எழுத்து பொதுச்சொத்து, கேட்காமலே போடலாம். பழைய படைப்பின் புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கும் தருகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்தி, அவர்களும் பெற்றோரும் காப்பாளரும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்களும் மட்டும் பார்த்தால் அது உரிமை மீறல் ஆகாது. வெளியாருக்குக் கதவைத் திறந்தால் இந்த விலக்கு போய்விடும். வாழும் எழுத்தாளரின் நாடகம் என்றால் விலக்கு பொருந்துமா என்று பார்க்காமல் ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். கூடவே அவருக்கு ஒரு அழைப்பிதழும் வையுங்கள்.

தெருக்கூத்து எடுப்பதானால் யூடியூபைப் பார்த்து ஆடாதீர்கள். கூத்து வாத்தியார் ஒருவரை மே மாதத்தில் பத்து நாள் வரவழைத்து, தங்க இடமும் உரிய சம்பளமும் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் வழியில் வந்தவர்கள் நகரத்து மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊரில் விடிய விடிய நடக்கும் கூத்தில் இருந்து நாற்பது நிமிடத்துக்கு எந்தப் பகுதியை எடுப்பது என்பதையும் வாத்தியாரே சொல்லட்டும்.

யாருக்கு எந்தப் பாத்திரம்

ஏப்ரல் கடைசியில், முழுஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் பாத்திரத் தேர்வு வையுங்கள். ஒரு பிள்ளையை அழைத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னால் அவள் நன்றாக வாசிக்கிறாளா என்பது மட்டும்தான் தெரியும். ஐந்து ஐந்து பேராக ஒரு காட்சியைக் கொடுத்து, இருபது நிமிடத்தில் தயார் செய்யச் சொல்லிப் பாருங்கள். யார் கேட்கிறார்கள், யார் மற்றவருக்கு இடம் விடுகிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

பாத்திரப் பட்டியலையும் பின்மேடை வேலைப் பட்டியலையும் ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில் ஒட்டுங்கள். ஸ்டேஜ் மேனேஜர் பெயர் வசந்தவல்லி பெயருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோர் போன் செய்வார்கள். "என் பொண்ணு திரை இழுக்கவா சார் உங்ககிட்ட வந்தா?" என்று ஒருவராவது கேட்பார். ஆமாம், ஒரு நாள் திரையும் இழுப்பாள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இதைச் சேர்க்கையின்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது இன்னும் நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூடுதல் பணம் கட்டுபவருக்குத் தனி ஆட்டம் என்ற வழக்கத்தைப் பள்ளிக்குள் நுழைய விடாதீர்கள். ஒரு முறை நுழைந்தால் அப்புறம் பாத்திரத் தேர்வு என்று ஒன்று நடத்துவதில் பொருளே இல்லை.

மே, ஜூன்

நாடகத்தில் ஒரு நிமிடக் காட்சிக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. நாற்பது நிமிட நாடகத்துக்கு நாற்பது மணி நேரம். தினம் இரண்டரை மணி நேரம் என்றால் பதினாறு நாள். மே மாதத்துக்குள் அடங்கிவிடும்.

கத்திரி வெயில் என்பதால் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். முதல் மூன்று நாள் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். நாலாவது நாள் எழுந்து நிற்கலாம். பதினைந்தாம் தேதிக்குள் வசனம் பாடமாகிவிட வேண்டும், அதன் பிறகு கையில் தாள் கூடாது. ப்ராம்ப்டிங் பழக்கத்தை மாணவர் மேடையில் நான் அனுமதிப்பதில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் குரல் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். வசனம் மறந்தால் எதிரில் நிற்பவரைப் பார், அவர் சொன்னதற்குப் பதில் சொல் என்று பழக்குங்கள்.

நடன வகுப்பில் மே மாதம் உருப்படிகளை முடித்துவிடுங்கள். சிமென்ட் தரையில் தினம் மூன்று மணி நேரம் காலைத் தட்டி ஆடும் தட்டடவு போட்டால் முழங்காலும் கணுக்காலும் தாங்காது. மரத்தளம் இல்லாதவர்கள் ஒரு நாள் முழு ஆட்டம், மறுநாள் முகமும் கையும் பேசும் அபிநயமும் ஜதி சொல்வதும் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் வார இறுதி மட்டும்தான் மிஞ்சும். அதனால் ஜூனில் புதிதாக எதையும் சேர்க்காமல் முதலில் இருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். பின்மேடை வகுப்புகளும் இந்த மாதத்தில்தான்.

மண்டப மேடையை நாடக மேடையாக்குவது

கல்யாண மண்டப மேடை மணவறைக்கும் இரண்டு வீட்டாரும் நின்று போட்டோ எடுப்பதற்கும் கட்டப்பட்டது. அகலம் இருக்கும், ஆழம் இருக்காது. பக்கத்தில் மறைந்து நிற்க இடமிருக்காது, பின்சுவரில் பளபளக்கும் அலங்காரம் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து, அதே அளவைப் பள்ளித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஜூனில் இருந்தே அதற்குள் ஆடச் சொல்லுங்கள். எட்டுப் பேர் பந்தடிக்க 24 அடி அகலமும் 18 அடி ஆழமுமாவது வேண்டும். இல்லையென்றால் ஆறு பேராகக் குறையுங்கள்.

பின்சுவருக்கும் பக்கத் திரைகளுக்கும் பளபளப்பில்லாத கறுப்புக் காடாத் துணி போதும். தரை டைல்ஸோ கிரானைட்டோ ஆக இருக்கும், வியர்த்த காலுக்கு வழுக்கும். அதற்காகச் சிவப்புக் கம்பளம் விரித்தால் கால் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். நடனத்துக்கென்று விற்கும் வினைல் விரிப்பை ஒரு முறை வாங்கிவிட்டால் பல ஆண்டு உழைக்கும். அதுவரை தரையை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு ஆடுங்கள்.

எங்கள் முதல் சீசனில் சனிக்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை நடனம் என்று வைத்திருந்தோம். இரவு அவசரமாக அரங்கப் பொருட்களைப் பிரித்ததில் ஓர் ஆணி தரையில் கிடந்திருக்கிறது. மறுநாள் ஜதிஸ்வரத்தின் நடுவில் ஒரு பெண்ணின் பாதத்தில் ஏறியது. அவள் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்து காலைத் தூக்கிக் காட்டினாள். அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஒரே வார இறுதி என்றால் சனி நடனம், ஞாயிறு நாடகம் என்றுதான் வைக்கிறேன். காந்தம் கட்டிய குச்சியால் மேடையைத் தடவி எடுப்பது ஒரு மாணவரின் எழுதப்பட்ட வேலை. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெறுங்காலோடு யாரும் மேடையேறலாம்.

கிராமத்துக் காட்சி என்றதும் தென்னங்கீற்றுக் குடிசை போட ஆசை வரும். வேண்டாம். சூடான விளக்குகளுக்கு அடியில் கீற்று, வைக்கோல், காகிதப் பூ எதுவும் கூடாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை மறந்துவிட்டு நம் ஊரில் எந்தக் கட்டடத்திலும் பிள்ளைகளைக் கூட்டக் கூடாது. மண்டபத்தின் எல்லாக் கதவுகளும் நிகழ்ச்சி முடியும் வரை பூட்டில்லாமல் இருக்க வேண்டும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று இரண்டு பெரியவர்களாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஒளியும் ஒலியும்

1000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் மாட்டாதீர்கள். மண்டப எலெக்ட்ரீஷியனை வெள்ளிக்கிழமையே வரவழைத்து லோடைப் பிரிக்கச் சொல்லுங்கள். எல்ஈடி விளக்கு வாடகைக்குக் கிடைத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும், மேடைச் சூடும் குறையும்.

நாடகத்துக்கு முகம் தெரிய வேண்டும், அதனால் முன்னால் இரு பக்கத்தில் இருந்தும் சாய்வாக ஒளி. நடனத்துக்கு அதோடு பக்கவாட்டில் இருந்தும் ஒளி வேண்டும். அப்போதுதான் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியின் வடிவமும் கையின் கோடும் எடுப்பாகத் தெரியும். நொடிக்கொரு கலர் மாறும் கச்சேரி விளக்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். எல்லா ஒளி மாற்றங்களையும் மாணவர்களே எண் போட்டுப் பிரதியில் எழுதி, ஸ்டேஜ் மேனேஜர் சொல்லும்போது மட்டும் மாற்றட்டும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்பே மனு கொடுத்துவிடுங்கள். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி.

பக்கவாத்தியம்

பதிவு செய்த பாட்டா, நேரடி இசையா என்ற கேள்வி செலவில்தான் முடியும். ஐந்து மாலைக்கும் நேரடி இசை முடியாது. மார்க்கத்துக்கும் குறவஞ்சிக்கும் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் என்று நான்கு பேரை வைத்துக்கொண்டு மற்ற மாலைகளில் பதிவைப் பயன்படுத்தலாம். பதிவுக்கு ஆடிப் பழகிய பிள்ளைக்கு யாரும் காத்திருந்ததில்லை. நேரடி இசையில் பாடகர் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வரியை இன்னொரு முறை எடுப்பார், அவள் அங்கே புதிதாக ஒன்றைச் செய்வாள். வேறு எதற்குச் செலவைக் குறைத்தாலும் சரி, ஒரு மாலையாவது அந்த அனுபவத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கலைஞர்களோடு குறைந்தது இரண்டு முழு ஒத்திகை வேண்டும், அதற்கும் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நாளில் நேராக மேடைக்கு வந்தால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஏறிவிடும், பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

உடை, ஒப்பனை, கிரீன் ரூம்

ஒவ்வொரு பெற்றோரையும் புதுத் தையல் உடை எடுக்கச் சொல்லாதீர்கள். பள்ளிக்கென்று ஓர் உடை அலமாரி வைத்து, வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்செல்லும் உடைகளைத் துவைத்து, அளவு எழுதி அடுக்கினால் மூன்று நாலு ஆண்டில் வாடகைக் கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது. தைப்பவரிடம் உள்மடிப்புத் துணியைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். கூத்துக்கான கிரீடம், புஜக்கட்டைகளை ஒத்திகையிலேயே கட்டிப் பழக வேண்டும். அந்தக் கனத்தில் உடம்பு வேறு மாதிரி நகரும்.

கிரீன் ரூமில் பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் மட்டும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், போன் கூடவே கூடாது. படம் எடுக்க விருப்பமா என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். முடிந்ததும் யார் வந்து அழைத்துப் போகிறார்கள் என்று பதிவேட்டில் கையெழுத்து. முதலுதவிப் பெட்டியில் ஊக்கு, ஊசிநூல், சானிட்டரி நாப்கின் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் முன்பு இட்லி, நடுவில் வாழைப்பழம், வேண்டிய அளவு தண்ணீர். வெறும் வயிற்றில் மேக்கப் போட்டு உட்காரவைத்தால் மயங்கி விழுவார்கள்.

நிகழ்ச்சி வாரம்

வெள்ளி மதியம் மேடை கட்டி, மாலை டெக்னிக்கல் ஒத்திகை. அன்று யாரும் முழுதாக ஆட வேண்டாம், நடிக்க வேண்டாம். ஓர் ஒளி, ஒலி மாற்றத்தில் இருந்து அடுத்த மாற்றத்துக்குத் தாவித் தாவிப் போங்கள். சனி காலை உடையோடு ஒரு முழு ஓட்டம், ஞாயிறு நாடகத்துக்கும் அப்படியே. மதியம் கட்டாய ஓய்வு.

மாலை ஆறரை என்று அச்சடித்தால் ஆறரைக்குத் திரை திறக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். நிகழ்ச்சி நடுவில் பேச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வைக்காதீர்கள். வேடம் கட்டிய பிள்ளை பக்கத் திரையில் நிற்கும்போது வெளியே இருபது நிமிடம் வாழ்த்துரை நடந்தால் அதன் உடம்பு ஆறிப்போகும், மனமும் ஆறிப்போகும். விருந்தினர் கடைசியில் ஐந்து நிமிடம் பேசட்டும். அழைக்கும்போதே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நன்றி சொல்லும்போது அந்த மாலையின் பின்மேடைப் பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்து, ஒவ்வொருவர் பெயரையும் படியுங்கள்.

கடைசி மாலை முடிந்த மறுநாள் எல்லோரும் பள்ளிக்கு வர வேண்டும். உடைகளை வெயிலில் உலர்த்தி, சலங்கைகளை எண்ணி, அறுந்த மணிகளைக் குறித்து, வாடகைப் பொருட்களைத் திருப்பி அனுப்புங்கள். வரவுசெலவைப் பெற்றோர் பார்க்கும்படி ஒட்டுங்கள். அப்புறம் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஸ்டேஜ் மேனேஜரின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திரை தாமதமானது, எங்கே விளக்கு முந்தியது என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆடிக்கு யாருக்கு எந்த வேலை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிங்கி வேண்டும் என்று பத்துக் கை உயரும். விளக்குப் பலகை வேண்டும் என்று ஒரு கை உயர்ந்தால் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள்.